ராக்கெஃபெல்லர் ஆய்வுக்கழக மருத்துவமனை

ராக்கெஃபெல்லர் ஆய்வுக்கழக மருத்துவமனை என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் கிழக்கு ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஓர் ஆராய்ச்சி மருத்துவமனை ஆகும். ராக்கெஃபெல்லர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஒரு பிரிவாக இது 1910 அக்டோபரில் திறக்கப்பட்டது. தாய் நிறுவனம் 1965 இல் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மருத்துவமனையும் தற்போது ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழக மருத்துவமனை என்று அழைக்கப்படுகின்றது.

இம்மருத்துவமனை தொடங்கியபோது ஆய்வுக்கென எடுத்துக்கொண்ட நோய்களுள் நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி முதன்மையானது. அந்நோய்க்கு ஒரு மருந்து காண்பதே நோக்கமாக இருந்தது. இங்கு உருவான சீரம் சிகிச்சை சில பத்தாண்டுகள் உயிர்களைக் காத்தபின் வழக்கொழிந்தது. ஆனால் அதற்காக நோய்க் கிருமியைப் பற்றித் திரட்டப்பட்ட அறிவு, இன்றைய நிமோனியாத் தடுப்பூசிகளுக்கும், மரபுப் பண்புகளைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்னும் கண்டுபிடிப்புக்கும் அடிப்படையாக அமைந்தது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிகுதியான இறப்புகளுக்குக் காரணமான நோய்களின் வரிசையில் நிமோனியாவும் இன்ஃபுளுவென்சாவும் சேர்ந்து முதலிடத்தில் இருந்தன. குறிப்பாக, நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் தாக்கும் மடல் நிமோனியா, நல்ல உடல்நிலையில் இருந்தவர்களையும் திடீரென வீழ்த்தியது. கடும் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கும். மார்பு வலியும் மூச்சுத் திணறலும் துருநிறக் கோழையும் தொடரும். ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் காய்ச்சல் சட்டென்று இறங்கினால் நோயாளி பிழைத்தார், இல்லையேல் இறந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தனர். மருத்துவர்கள் நோயின் போக்கைக் கணிக்க முடிந்ததேயன்றி அதனை மாற்ற இயலவில்லை.

நோயை உண்டாக்கும் பாக்டீரியா முன்னரே அறியப்பட்டிருந்தது. நிமோகாக்கஸ் எனப்படும் அதனை 1881 இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டிருந்தனர். மடல் நிமோனியாவுக்கு இதுவே முக்கியக் காரணம் என்பது 1880களின் நடுப்பகுதியில் செருமானிய, ஆத்திரிய ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. 1891 இல் செருமனியின் கிளெம்பெரர் சகோதரர்கள், கிருமியை எதிர்த்து நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் சீரம் மற்றொரு விலங்கைக் காக்கும் என்று காட்டினர். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் நல்ல பலன் தந்த காலம் அது. எனினும் நிமோனியா நோயாளிகளுக்குச் சீரம் செலுத்தியபோது பலன் சீராக இருக்கவில்லை. ஒருவருக்கு உதவிய சீரம் மற்றவருக்கு உதவாமல் போனதன் காரணம் விளங்காமல் இருந்தது.

நிறுவனமும் மருத்துவமனையும்

எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் டி. ராக்கெஃபெல்லரின் நன்கொடையால் 1901 இல் ராக்கெஃபெல்லர் மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவருடைய பேரக்குழந்தை ஒன்று ஸ்கார்லெட் காய்ச்சலால் இறந்திருந்தது. நோயியல் அறிஞரான சைமன் ஃபிளெக்ஸ்னர் கழகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஆய்வகங்களின் பணி தொடங்கிய சில ஆண்டுகளில், நோயாளிகளை நேரடியாகக் கவனித்து ஆராய ஒரு மருத்துவமனையும் தேவை என முடிவு செய்யப்பட்டது.

மருத்துவமனையின் முதல் இயக்குநராக, ஜான்சு ஹாப்கின்சு மருத்துவமனையிலிருந்து வந்த ரூஃபஸ் கோல் 1937 வரை பணியாற்றினார். இம்மருத்துவமனை அக்காலப் பிற மருத்துவமனைகளிலிருந்து மூன்று வகைகளில் வேறுபட்டிருந்தது.

* ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட சில நோய்கள் உள்ளவர்கள் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். தொடக்கத்தில் மடல் நிமோனியா, இளம்பிள்ளை வாதம், சிபிலிஸ், இதய நோய், குழந்தைகளின் குடல் சார்ந்த வளர்ச்சிக் குறைபாடு ஆகியன அந்நோய்களாக இருந்தன.
* நோயாளிகளிடம் கட்டணம் பெறப்படவில்லை.
* மருத்துவர்கள் முழுநேர ஊழியர்களாக இருந்தனர். அவர்கள் வெளியே தனித்தொழில் செய்யவில்லை.

மருத்துவமனையை, கழகத்தின் அறிவியலாளர்கள் தம் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக மட்டும் வைத்திருக்கக் கோல் உடன்படவில்லை. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவரே ஆய்வகத்திலும் ஆராய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதன்படி நோயாளிகளின் அறைகள் இருந்த அதே கட்டடத்தில் ஆய்வகங்களும் அமைக்கப்பட்டன. நிமோனியா ஆய்வைக் கோல் தாமே முன்னின்று நடத்தினார். 1913 இல், புரூக்ளினின் ஹோக்லேண்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆஸ்வால்ட் ஏவரி என்னும் மருத்துவரை அவர் இப்பணிக்கு அழைத்துவந்தார். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1877 இல் பிறந்த ஏவரி, இங்கு 1948 வரை நிமோகாக்கஸ் ஒன்றையே மையமாகக் கொண்டு ஆராய்ந்தார்.

நிமோகாக்கஸின் வகைகள்

நிமோகாக்கஸ் ஒரே தன்மையதன்று என்பதைப் பெர்லினில் ஃபிரெட் நியூஃபெல்டும் அவருடன் பணியாற்றியோரும் 1910 ஆம் ஆண்டளவில் காட்டினர். ராக்கெஃபெல்லர் மருத்துவமனையில் அல்ஃபோன்ஸ் டோசெஸ், கில்லெஸ்பி ஆகியோர் நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளை முறையாகச் சோதித்து, 1913 இல் அவற்றை வகை 1, வகை 2, வகை 3 எனப் பிரித்தனர். இம்மூன்றிலும் அடங்காதவை நான்காம் தொகுதியில் வைக்கப்பட்டன. நான்காம் தொகுதி உண்மையில் பல வகைகளின் கலவை என்பது பின்னர் தெரியவந்தது. இன்று 100 அல்லது அதற்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

ஒரு வகைக்கு எதிராக உருவான சீரம் அந்த வகையை மட்டுமே தடுத்தது. முந்தைய சீரம் சிகிச்சைகள் சிலரிடம் பலித்துச் சிலரிடம் பலிக்காமல் போனதற்கு இதுவே காரணமாகும். ஆகவே, நோயாளிக்குச் சீரம் செலுத்தும் முன் அவரைத் தாக்கியுள்ள கிருமியின் வகையை அறிய வேண்டியதாயிற்று. இதற்காகக் கையாளப்பட்ட முறை பின்வருமாறு:

1. நோயாளியின் நுரையீரலிலிருந்து வெளிவரும் கோழை சேகரித்துக் கழுவப்படும்.
2. அது ஒரு சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தப்படும். மற்றக் கிருமிகளைவிட நிமோகாக்கஸ் அங்கு விரைந்து பெருகும்.
3. சில மணி நேரத்துக்குப் பின் வயிற்றறையிலுள்ள நீர்மம் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு வகைச் சீரத்துடனும் தனித்தனியே கலக்கப்படும்.
4. எந்தச் சீரத்தில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவோ, அதுவே கிருமியின் வகையாகும்.

நோயாளி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது இச்சோதனை பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. சீரத்தை எவ்வளவு விரைவில் கொடுக்கின்றோமோ அவ்வளவு பயன் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே வகையறியும் சோதனையை விரைவுபடுத்துவது உயிர் காக்கும் பணியாக இருந்தது. கோழையையே நேரடியாக நுண்ணோக்கியில் பார்த்து வகையறியும் எளிய முறைகள் 1930களில் பரவலாயின.

டோசெஸும் ஏவரியும் 1915 இல் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். வகை 1, வகை 2 ஆகியன நோயாளிகளிடமும், தேறியவர்களிடமும், அவர்களோடு பழகியவர்களிடமும் காணப்பட்டன. நோயாளியோடு தொடர்பில்லாத நலமான மனிதர்களின் வாயில் அவை அரிதாகவே இருந்தன. இதனால், மடல் நிமோனியா என்பது நோயாளியின் சொந்த வாயிலுள்ள கிருமியால் தற்செயலாக வருவது என்ற கருத்து தளர்ந்தது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியது என்ற கருத்து வலுப்பெற்றது.

சீரம் சிகிச்சை

குதிரைகளுக்கு நிமோகாக்கஸ் கிருமியைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து சீரம் எடுக்கப்பட்டது. இச்சீரம் நோயாளியின் சிரை வழியே, குறிப்பிட்ட மணி நேர இடைவெளிகளில், பெருமளவில் செலுத்தப்பட்டது. கோல், ஏவரி, டோசெஸ், சிக்கரிங் ஆகிய நால்வரும் 1917 இல் வெளியிட்ட நூல் இச்சிகிச்சையை விரிவாக விளக்கியது. வகை 1 நோயாளிகளிடையே இறப்பு வீதம் வழக்கமான அளவில் மூன்றிலொரு பங்காகக் குறைந்ததாக அவர்கள் கண்டனர்.

இச்சிகிச்சைக்குக் கடுமையான வரம்புகள் இருந்தன. வகை 2 க்கான சீரம் வலுவற்றதாக இருந்தது. மிகக் கொடியதான வகை 3 க்குப் பயனுள்ள சீரம் கிட்டவில்லை. குதிரையின் புரதங்கள் சில நோயாளிகளிடம் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தின. மேலும் சிலருக்குச் சிகிச்சைக்குச் சில நாட்களுக்குப்பின் காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டு வலி ஆகியன வந்தன. இது சீரம் நோய் எனப்பட்டது. செலவும் உழைப்பும் மிகுந்த இச்சிகிச்சையைச் சாதாரண மருத்துவமனைகளில் நடத்துவது எளிதாக இல்லை.

பலனை மதிப்பிட்ட முறையும் விவாதத்துக்கு உள்ளானது. கோலின் குழுவினர் சீரம் பெற்றவர்களின் இறப்பு வீதத்தை முந்தைய அனுபவத்துடனும் பிற இடங்களின் கணக்குகளுடனும் ஒப்பிட்டனர். நோயின் கடுமை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது ஆகையால், இவ்வொப்பீடு போதாது என்று சிலர் கருதினர். 1920களில் நியூயார்க்கின் பெல்வியூ, ஹார்லெம் மருத்துவமனைகளில் ஒருவர் விட்டு ஒருவருக்குச் சீரம் கொடுத்து ஒப்பிடும் ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றிலும் வகை 1 க்கான சீரம் இறப்பைக் குறைப்பது தெரியவந்தது. ஆனால் பலனின் அளவு முதலில் கூறப்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. சீரத்தைச் செறிவூட்டும் முறைகள் வந்தபின் 1930களில் மாசசூசெட்சு, நியூயார்க் போன்ற மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் இச்சிகிச்சையை ஊர்ப்புற மருத்துவர்களுக்கும் கொண்டுசென்றன.

போர்க்காலமும் 1918 ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாவும்

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படை முகாம்களில் தட்டம்மை பரவியது. அதனைத் தொடர்ந்து பல வீரர்கள் நிமோனியாவால் இறந்தனர். 1918 இன் தொடக்கத்தில் டெக்சாசு மாநிலத்தின் சான் அன்டோனியோ முகாமை ஆராய்ந்த கோலும் பிறரும், அங்குப் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் நிமோகாக்கஸ் அன்று, ஸ்டிரெப்டோகாக்கஸ் என்று கண்டனர். அங்கிருந்து கொண்டுவரப்பட்ட கிருமிகளை வகைப்படுத்தும் பணியில் ஏவரி, டோசெஸ் ஆகியோருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் ரெபேக்கா லேன்ஸ்ஃபீல்ட். பிற்காலத்தில் இவர் ஸ்டிரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களைத் தொகுதிகளாகப் பிரித்த முறை உலகெங்கும் இன்றும் வழக்கில் உள்ளது.

1918 இன் இறுதியில் பரவிய பேரளவு இன்ஃபுளுவென்சாவின்போது மருத்துவமனையால் நோயின் காரணத்தைக் கண்டறிய இயலவில்லை. அப்போது ஃபைஃபர் பாசில்லஸ் என்னும் பாக்டீரியாவே காரணம் என்று பலர் நம்பினர். அதனை எளிதில் வளர்க்கும் ஓர் ஊடகத்தை ஏவரி உருவாக்கினார். அதன் பின் அந்தப் பாக்டீரியா பலரிடம் கண்டறியப்பட்டது, எல்லோரிடமும் அன்று. கழகத்தின் மற்றோர் ஆய்வகத்தில் ஒலிட்ஸ்கி, கேட்ஸ் ஆகிய இருவரும் வேறொரு நுண்ணுயிரியைக் காரணமாகக் கூறினர். அக்கருத்தும் நிலைக்கவில்லை. 1931 இல் கழகத்தின் பிரின்ஸ்டன் கிளையில் ரிச்சர்ட் ஷோப் பன்றிகளின் இன்ஃபுளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்தார். 1933 இல் இலண்டனில் மனித இன்ஃபுளுவென்சா வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் ராக்கெஃபெல்லர் மருத்துவமனையின் தாமசு ஃபிரான்சிசு, போர்ட்டோ ரிக்கோவில் நோயுற்றவர்களின் மாதிரியிலிருந்து அதே வைரசைப் பிரித்தார்.

உறையின் வேதியியல்

நிமோகாக்கஸைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை உள்ளது. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிவிடாமல் இவ்வுறை தடுக்கின்றது. உறை இழந்த கிருமி நோயை உண்டாக்குவதில்லை. டோசெஸும் ஏவரியும் 1917 இல், கிருமியிலிருந்து கரைந்து வெளிவரும் ஒரு பொருளை வளர் ஊடகத்திலும், நோயாளிகளின் குருதியிலும் சிறுநீரிலும் கண்டனர். அது ஒவ்வொரு வகைக்கும் தனித்தன்மை உடையதாக இருந்தது. அப்பொருள் உறையிலிருந்து வருவது எனப் பின்னர் உறுதியானது.

அக்காலத்தில் இத்தகைய தனித்தன்மையைப் புரதங்களே தர இயலும் என்று கருதப்பட்டது. ஏவரியின் வேண்டுகோளுக்கிணங்க வேதியியலாளர் மைக்கேல் ஹைடல்பெர்கர் அப்பொருளைத் தூய்மைப்படுத்தினார். தூய்மை கூடக்கூட அதில் நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. 1923 இல் இருவரும் வெளியிட்ட முடிவின்படி அது புரதம் அன்று. பாலிசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரை ஆகும். இக்கருத்தைப் பலர் எளிதில் ஏற்கவில்லை. நோயெதிர்ப்பியலை வேதியியல் அடிப்படையில் அமைத்த முதற்படிகளுள் ஒன்றாக இப்பணி இன்று கருதப்படுகின்றது.

ஏவரியும் வால்தர் கோபெலும் 1929 முதல் 1931 வரை இதனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றனர். தனித்துச் செலுத்தியபோது முயல்களிடம் எதிர்ப்பொருளை உருவாக்காத உறைச் சர்க்கரை, ஒரு புரதத்துடன் இணைத்துச் செலுத்தியபோது அதனை உருவாக்கியது. இக்கண்டுபிடிப்பு நடைமுறைப் பயனுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

தொடர்புடைய பிற கண்டுபிடிப்புகள்

* உறையைச் சிதைக்கும் நொதி: வகை 3 இன் உறைச் சர்க்கரையைச் சிதைக்கும் உயிரி இயற்கையில் எங்கேனும் இருக்க வேண்டும் என்று ரெனே டுபோ கருதினார். ஒரு சதுப்பு நிலத்து மண்ணில் அத்தகைய பாக்டீரியா கிடைத்தது. 1930 இல் டுபோவும் ஏவரியும் அதன் நொதி, வகை 3 தாக்கிய சுண்டெலிகளைக் காப்பதைக் காட்டினர். இது மனிதர்களுக்கான மருந்தாகவில்லை. எனினும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளிடம் மருந்து தேடும் வழியை இது காட்டியது. அவ்வழியே சென்று டுபோ 1939 இல் கிராமிசிடினைக் கண்டறிந்தார்.
* சி-ரியாக்டிவ் புரதம்: 1930 இல் வில்லியம் டில்லெட், தாமசு ஃபிரான்சிசு ஆகியோர் நிமோனியா நோயாளிகளின் சீரம் கிருமியின் மற்றொரு சர்க்கரைப் பொருளுடன் சேர்ந்து படிவதைக் கண்டனர். நோய் தணிந்ததும் அவ்வினை மறைந்தது. இதற்குக் காரணமான புரதமே, உடலில் அழற்சி உள்ளதா என அறிய இன்று மருத்துவ ஆய்வகங்களில் அளக்கப்படும் சி.ஆர்.பி. ஆகும்.

உருமாற்றக் காரணியும் டி.என்.ஏ.வும்

1928 இல் இலண்டனில் பிரித்தானிய சுகாதார அமைச்சின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபிரெட் கிரிஃபித் வியப்பூட்டும் முடிவொன்றை வெளியிட்டார். உறையற்ற, தீங்கற்ற உயிருள்ள நிமோகாக்கஸையும், வெப்பத்தால் கொல்லப்பட்ட வேறு வகை உறையுள்ள நிமோகாக்கஸையும் சேர்த்துச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். சுண்டெலிகள் இறந்தன. அவற்றின் குருதியில், கொல்லப்பட்ட கிருமியின் வகையைச் சேர்ந்த உறையுடன் உயிருள்ள கிருமிகள் இருந்தன. அவை பெருகியபோதும் அவ்வுறை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

வகைகள் நிலையானவை என்ற அடிப்படையில் அமைந்த சீரம் சிகிச்சைக்கு இது ஒரு சவாலாகத் தோன்றியது. ஏவரி முதலில் இதனை ஐயத்துடன் பார்த்தார். அவருடைய ஆய்வகத்தில் இருந்த மார்ட்டின் டாசன் சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுண்டெலியின்றிச் சோதனைக் குழாயிலேயே இம்மாற்றத்தை நிகழ்த்தினார். ஏவரியின் ஆய்வகத்தில் லயோனல் அல்லோவே, முழுக் கிருமி தேவையில்லை, அதன் சாறே போதும் என்று காட்டினார்.

சாற்றிலுள்ள எந்தப் பொருள் இம்மாற்றத்தைச் செய்கின்றது என்பதே எஞ்சிய வினா. காலின் மெக்லியாட் 1930களின் நடுவில் இப்பணியைத் தொடங்கினார். 1941 இல் அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் மாக்லின் மெக்கார்ட்டி அதைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 75 லிட்டர் வளர்ப்பிலிருந்து 10 முதல் 25 மில்லிகிராம் வரையிலான தூய பொருளே கிடைத்தது. ஆய்வாளர்கள் அதிலிருந்து புரதத்தை நீக்கினர், உறைச் சர்க்கரையை நொதியால் சிதைத்தனர், ஆர்.என்.ஏ.வையும் சிதைத்தனர். அதன் பின்னரும் உருமாற்றும் ஆற்றல் குறையவில்லை. 60 கோடியில் ஒரு பங்காக நீர்த்த நிலையிலும் அது செயல்பட்டது. எஞ்சியிருந்த பொருள் டி.என்.ஏ. ஆகும்.

ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோரின் கட்டுரை 1944 பிப்ரவரியில் வெளியானது. அப்போது ஏவரிக்கு வயது 66. கட்டுரையின் மொழி மிகவும் எச்சரிக்கையானது. மரபணுக்கள் யாவும் டி.என்.ஏ.வால் ஆனவை என்று அது பொதுப்படக் கூறவில்லை. டி.என்.ஏ. என்பது நான்கு அலகுகள் மாறாத ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் எளிய பொருள் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. அக்கருத்தைப் பரப்பிய ஃபீபஸ் லெவீன் இதே கழகத்தைச் சேர்ந்தவர். ஏவரியின் மாதிரியில் கண்ணுக்குத் தப்பிய புரதம் சிறிது இருக்கலாம் என்று வாதிட்ட ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் இங்கேயே பணியாற்றினார். மறுபுறம், இக்கட்டுரையைப் படித்த எர்வின் சார்காஃப் தம் ஆய்வையே டி.என்.ஏ. பக்கம் திருப்பினார். 1952 இல் ஹெர்ஷி, சேஸ் ஆகியோரின் சோதனையும், 1953 இல் வாட்சன், கிரிக் ஆகியோரின் இரட்டைச் சுருள் அமைப்பும் வந்தபின் ஐயங்கள் நீங்கின. ஏவரி 1955 இல் காலமானார். அவருக்கு நோபல் பரிசு வழங்கப்படவில்லை. கிரிஃபித் 1941 இல் இலண்டன் மீது நடந்த வான்வழிக் குண்டுவீச்சில் இறந்தார். தம் சோதனையின் முடிவு எங்குச் சென்றது என்பதை அவர் அறியவில்லை.

சீரத்திலிருந்து தடுப்பூசிக்கு

1938 இல் சல்ஃபாபிரிடின் என்னும் மருந்து நிமோனியாவுக்குப் பயன்படத் தொடங்கியது. 1940களில் பெனிசிலின் வந்தது. கிருமியின் வகையைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லோருக்கும் கொடுக்கத்தக்க இம்மருந்துகள், ஒரு சில ஆண்டுகளில் சீரம் சிகிச்சையை முற்றிலும் விலக்கின.

இதே காலத்தில் உறைச் சர்க்கரை தடுப்பூசியாகச் சோதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்சு வான்படைப் பயிற்சி நிலையத்தில் மெக்லியாட், ஹைடல்பெர்கர் முதலானோர் ஏறத்தாழ 17,000 வீரர்களிடம் ஆய்வு நடத்தினர். பாதிப் பேருக்கு நான்கு வகைகளின் உறைச் சர்க்கரை செலுத்தப்பட்டது. 1945 இல் வெளியான முடிவுகளின்படி, அந்நான்கு வகைகளால் வரும் நிமோனியா அவர்களிடையே மிகவும் குறைந்தது. தடுப்பூசி பெறாத பாதியினரிடமும் அவ்வகைகள் குறைந்தன. கிருமியைச் சுமப்போர் குறைந்ததே இதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

எனினும் பெனிசிலின் கையிலிருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று மருத்துவர்கள் எண்ணினர். போருக்குப்பின் விற்பனைக்கு வந்த தடுப்பூசிகள் வாங்குவாரின்றி 1950களில் நிறுத்தப்பட்டன. இம்முடிவு தவறானது என்பதைப் பிற்காலத்தில் காட்டியவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் ஆவார். கிருமி குருதியில் கலந்த நோயாளிகளுள், நோயின் முதல் சில நாட்களிலேயே இறப்பவர்களைப் பெனிசிலினாலும் காக்க இயலவில்லை என்று 1964 இல் அவர் புரூக்ளின் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே அவர் நடத்திய ஆய்வுகளைத் தொடர்ந்து, 14 வகைகளுக்கான தடுப்பூசி 1977 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 1983 இல் 23 வகைகளுக்கானது வந்தது.

இத்தடுப்பூசிகள் வளர்ந்தவர்களுக்குப் பயன்பட்டன. ஆனால் நிமோனியாவால் மிகுதியாக இறக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல், தனிச் சர்க்கரைக்கு எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. ஏவரியும் கோபெலும் காட்டிய, சர்க்கரையைப் புரதத்துடன் இணைக்கும் வழியே இதற்குத் தீர்வாயிற்று. ஏழு வகைகளுக்கான இணைப்புத் தடுப்பூசி 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஒன்பது வகைகளுக்கான இணைப்புத் தடுப்பூசியைச் சோதித்த ஆய்வு 2005 இல் வெளியானது. ஊடுகதிர்ப் படத்தால் உறுதிசெய்யப்பட்ட நிமோனியா, தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடையே 37 விழுக்காடு குறைந்தது. எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் இறப்பு 16 விழுக்காடு குறைந்தது. இந்தியாவின் பொது நோய்த்தடுப்புத் திட்டத்தில் இணைப்புத் தடுப்பூசி 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டு, 2021 இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

பிற்கால ஆய்வுகள்

கோலுக்குப்பின் 1937 முதல் 1955 வரை இயக்குநராக இருந்த தாமசு ரிவர்சு வைரசு ஆய்வில் வல்லவர். மெக்கார்ட்டி 1960 முதல் 1974 வரை இப்பொறுப்பை வகித்தார். பெனிசிலினுக்குப் பின் மருத்துவமனையின் கவனம் இதய நோய், வளர்சிதைமாற்றக் குறைபாடுகள், போதைப் பழக்கம் போன்ற பிற துறைகளுக்கு விரிந்தது.

2020 இல் கோவிட்-19 பரவியபோது நுரையீரல் அழற்சி இங்கு மீண்டும் முக்கிய ஆய்வுப் பொருளாயிற்று. ஒரே வைரசு பலரை இலேசாகவும் சிலரை உயிராபத்தாகவும் தாக்குவது ஏன் என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஜான்-லோரன் கசநோவா தலைமையிலான பன்னாட்டுக் குழு ஆராய்ந்தது. வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதங்களை, சிலரது உடலே எதிர்ப்பொருளால் முடக்குகின்றது. உயிராபத்தான கோவிட் நிமோனியா உற்ற 987 பேருள் 101 பேரிடம் இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஒரே நோய்க்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றைப் பிரித்தறிந்தே சிகிச்சை செய்ய வேண்டும் என்று 1913 இல் கிருமியிடம் கண்ட உண்மை, இம்முறை நோயாளியிடம் காணப்பட்டது எனலாம்.

காலவரிசை

* 1901 - ராக்கெஃபெல்லர் மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்படல்
* 1910 - மருத்துவமனை திறப்பு
* 1913 - நிமோகாக்கஸ் வகைப்பாடு. ஏவரி பணியில் சேர்தல்
* 1917 - சீரம் சிகிச்சை பற்றிய நூல். கரையும் பொருள் கண்டறியப்படல்
* 1923 - உறைப்பொருள் கூட்டுச் சர்க்கரை என நிறுவப்படல்
* 1930 - உறையைச் சிதைக்கும் நொதி, சி-ரியாக்டிவ் புரதம்
* 1944 - உருமாற்றக் காரணி டி.என்.ஏ. என்னும் கட்டுரை
* 1948 - ஏவரி ஆய்வகத்தை விட்டு விலகல்
* 1965 - தாய் நிறுவனம் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெறல்
* 2020 - கோவிட் நிமோனியாவில் இன்டர்ஃபெரான் எதிர்ப்பொருள்கள் பற்றிய ஆய்வு

இவற்றையும் பார்க்க

* நுரையீரல் அழற்சி
* ஆஸ்வால்ட் ஏவரி
* கிரிஃபித் சோதனை
* டி.என்.ஏ.
* தடுப்பூசி